கிரீன் ஓரத்தில் சிப்பர்: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

கோல்ஃப் மைதானம். பந்து கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கும் மழமழப்பான புல்தரைக்கு, இரண்டே தப்படி வெளியே கிடக்கிறது. கொடி நேரெதிரே தெரிகிறது, நடுவில் ஒரு தடையும் இல்லை. பையிலிருந்து சாண்ட் வெட்ஜை, பந்தை உயரத் தூக்கும் கிளப்பை (மட்டையை), உருவி வீசுகிறீர்கள். கிளப் தலை பந்துக்கு அரைச் சாண் பின்னாலேயே மண்ணில் செருகிக்கொள்கிறது. பந்து ஒரு முழம் நகர்ந்து நின்றுவிடுகிறது. அந்த எரிச்சலோடு அடுத்ததைச் சற்று அழுத்தி அடித்தால், கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்கப் பங்க்கரில் (மணற்குழியில்) போய் விழுகிறது. இரண்டு அடியில் முடிய வேண்டிய வேலை ஐந்தாகிவிடுகிறது.

ஆடத் தொடங்கிய முதல் இரண்டு வருடம் என் ஸ்கோர் அட்டையைக் கெடுத்தது பெரும்பாலும் கிரீனைச் சுற்றியுள்ள இந்த இருபது தப்படிதான். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் அல்ல, கிரீனில் பந்தை உருட்டும் பட்டர்கூட அல்ல. (பட்டர் என்று எழுதினால் வெண்ணெய் ஞாபகம் வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்த இடத்துக்கென்றே ஒரு கிளப் இருக்கிறது, சிப்பர். அதைப் பையில் வைத்திருந்தால் கூட ஆடுகிறவர்களில் சிலர் உதட்டைச் சுழிப்பார்கள். "ஆடத் தெரியாதவன் வைத்திருப்பது" என்று ஒரு பெயர் அதற்கு உண்டு. ஆடத் தெரியாதபோது ஆடத் தெரியாதவனுக்கான கிளப்பை வைத்துக்கொள்வதில் என்ன வெட்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சிப்பர் என்பது என்ன

பட்டரின் உடம்பு, அயர்னின் (சாய்ந்த உலோகத் தலையுள்ள கிளப்பின்) முகம். அவ்வளவுதான். நீளமும் நிற்கும் கோணமும் பட்டரை ஒத்திருக்கும். பந்தில் படும் முகம் மட்டும் பின்னால் சாய்ந்திருக்கும். பட்டரின் முகச் சாய்வு, அதாவது லாஃப்ட், சுமார் 3 அல்லது 4 டிகிரி. அது பந்தைத் தரையோடு தள்ளும். சந்தையில் கிடைக்கும் சிப்பர்கள் பெரும்பாலும் 30 முதல் 37 டிகிரி வரை இருக்கும், சில 40ஐத் தாண்டும். இந்தச் சாய்வு பந்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, நடுவில் இருக்கும் புல்லைத் தாண்டவைத்து, கிரீனில் இறக்கி உருளவிடும். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. ஷாஃப்ட்டுகள், அதாவது கிளப்பின் தண்டுகள், ஹிக்கரி மரத்தில் இருந்த காலத்தில் ஜிகர் என்று ஒரு கிளப் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வெட்ஜால் செய்ய முடியாததையா இது செய்கிறது? இல்லை. வெட்ஜால் நாம் செய்யும் தவறைச் செய்யவிடாமல் தடுக்கிறது. வெட்ஜைக் கையில் எடுத்ததும் புதியவரின் மனதில் ஓடுவது ஒன்றுதான்: பந்தைத் தூக்க வேண்டும். உடனே மணிக்கட்டு முந்திக்கொண்டு கரண்டியால் அள்ளுவதுபோல் சுழல்கிறது. கிளப் தலை கைகளை முந்திப் போகிறது. ஒன்று மண்ணை வெட்டும், இல்லையென்றால் பந்தின் வயிற்றில் அடிக்கும். சிப்பரைப் பிடித்தால் அந்த எண்ணமே எழாது. பட்டர் மாதிரி இருப்பதால் கை தானாகவே பட்டர் அடிப்பதுபோல் அடிக்கிறது. தோள் மட்டும் ஊஞ்சலாடும், மணிக்கட்டு சும்மா இருக்கும். தூக்கும் வேலையை முகச் சாய்வு பார்த்துக்கொள்ளும்.

வாங்குமுன் ஒரு சோதனை

கடைக்குப் போகாதீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் செட்டில் இருக்கும் 8 அல்லது 9 அயர்னை (எண் கூடக்கூட முகச் சாய்வும் கூடும்) எடுத்துக்கொண்டு, சிப் (பந்தைத் தாழத் தூக்கி உருளவிடும் அடி) அடிக்க அனுமதி உள்ள பயிற்சிக் கிரீனுக்குப் போங்கள். பட் அடிக்க, அதாவது பட்டரால் பந்தை உருட்ட, நிற்பதுபோலப் பந்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கிரிப்பின் (கைப்பிடியின்) கீழ்நுனி வரை கையை இறக்கிப் பிடியுங்கள். இப்போது ஷாஃப்ட்டை நிமிர்த்துங்கள். கிளப் தலையின் குதிப்பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) தரையைவிட்டு லேசாகத் தூக்கி, நுனிப்பக்கம் மட்டும் புல்லைத் தொட்டிருக்கும். அப்படியே இருக்கட்டும். பட் அடிக்கும் அதே பிடி, அதே ஆட்டம். 20 பந்து அடித்துப் பாருங்கள்.

15 பந்தாவது ஒழுங்காக எழும்பி, இறங்கி, உருண்டிருந்தால் உங்களுக்குச் சிப்பர் தேவையில்லை. ஏற்கெனவே ஒன்று உங்களிடம் இருக்கிறது, பெயர்தான் வேறு. குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது, தூக்கிய குதி உறுத்துகிறது, அயர்னைப் பார்த்ததும் மணிக்கட்டு பழையபடி அள்ளத் தொடங்குகிறது என்றால், அப்போது வாங்குங்கள், காசு வீண்போகாது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். அயர்னில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இப்போது வரும் செட்டுகளில், பந்து தூரம் போக வேண்டும் என்பதற்காக லாஃப்ட்டைக் குறைத்துவிடுகிறார்கள். முன்பு 7 அயர்ன் 34, 35 டிகிரி இருந்தது. இன்று 30 டிகிரியிலும் அதற்குக் கீழேயும் 7 அயர்ன் கிடைக்கிறது. ஆகவே உங்கள் செட் புதியதென்றால் சோதனையை 9 அயர்னில் செய்வதே மேல்.

வாங்கும்போது

முதலில் லாஃப்ட். 32 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தால் பந்து தாழப் பறந்து நெடுந்தூரம் ஓடும். பெரிய கிரீனில் கொடி தூரத்தில் இருக்கும்போது அது சுகம், கொடி பக்கத்தில் இருந்தால் திண்டாட்டம். 40க்கு மேலே போனால் மெத்தென்று இறங்கும், ஆனால் பட் அடிப்பதுபோன்ற எளிமை கொஞ்சம் கழன்றுவிடும். கூடுதல் வீச்சு தேவைப்படும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 35 முதல் 37 வரை பாருங்கள்.

அடுத்து நீளம். உங்கள் பட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். சிப்பர் அதே நீளமோ ஓர் அங்குலம் கூடுதலோ இருந்தால் சரி. 34, 35 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். நீளம் அதிகமானால் மேல்கை விலாவில் இடித்து முழங்கை மடங்கும். கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்குவது தெரிய வேண்டும்.

நீங்கள் நிற்கும் நிலையில் கிளப்பைத் தரையில் வையுங்கள். பக்கத்தில் யாரையாவது குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகம் நடுவில் படிந்திருக்க வேண்டும். நுனி தூக்கிக்கொண்டு நின்றால் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் விலகும். குதி தூக்கினால் வலப்பக்கம். இடக்கை ஆட்டக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் அவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: சிப்பர் பார்க்கப் பட்டர் போலிருப்பதால் எந்தக் கைக்கானது என்று கவனிக்காமல் எடுத்துவிடுவது எளிது.

அடிப்பாகம் அகலமாக, முன்விளிம்பு மழுங்கி, லேசாக வளைந்திருப்பதாகப் பாருங்கள். இதுதான் மண்ணில் செருகாமல் புல்மேல் வழுக்கிப் போகச் செய்வது. தலையின் மேல் ஒரு கோடு இருந்தால் குறிவைக்க உதவும், இல்லாவிட்டாலும் குறையில்லை. பழையது கிடைத்தாலும் வாங்கலாம். முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் தேயாமல் இருக்கின்றனவா, கிரிப் கல்லாக இறுகிவிடவில்லையே என்று பார்த்தால் போதும்.

போட்டியில் ஆடும் எண்ணம் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். விதிகளின்படி சிப்பர் பட்டர் அல்ல, அயர்ன். ஆகவே பட்டருக்குத் தரும் சலுகைகள் எதுவும் அதற்குக் கிடையாது. ஷாஃப்ட் தலையின் குதியில்தான் இணைந்திருக்க வேண்டும், நடுவில் கூடாது. கிரிப் உருண்டையாக இருக்க வேண்டும். பட்டர்களில் வருவதுபோல் முன்பக்கம் தட்டையானது கூடாது. ஒரே ஒரு கிரிப், ஒரே ஒரு அடிக்கும் முகம். இருபுறமும் முகம் வைத்து, வலக்கைக்கும் இடக்கைக்கும் ஆகும் என்று விற்கப்படும் சிப்பர்கள் இதில் அடிபட்டுப்போகும். நண்பர்களோடு பொழுதுபோக்குக்கு ஆடினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போடும் ஆட்டத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

உங்கள் பழைய தட்டைக் கிரிப்பை நீங்களே சிப்பரில் மாட்டினாலும் இதே கதைதான்.

முதலில் புல்லைப் பாருங்கள்

கிளப்பை உருவுமுன் பந்தருகே போய்க் குனிந்து பாருங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பந்து எப்படி உட்கார்ந்திருக்கிறது, கிரீன் விளிம்பு எத்தனை தப்படி, விளிம்பிலிருந்து கொடி எத்தனை தப்படி.

நடுவில் இருப்பது மழமழவென்று வெட்டிய ஃபிரிஞ்ச் (கிரீனைச் சுற்றிய புல் விளிம்பு) மட்டும், அதுவும் காய்ந்திருக்கிறது என்றால் பட்டரையே எடுங்கள். சிப்பர் வாங்கிவிட்டோமே என்பதற்காக அதைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. பட்டர் தோற்கும் இடங்களில்தான் சிப்பருக்கு வேலை: புல் ஒரு விரற்கடை உயரம் இருக்கும்போது, அது உங்களை நோக்கிப் படுத்திருக்கும்போது, ஈரமாக இருக்கும்போது, நடுவில் குண்டும் குழியுமாகத் திட்டுகள் இருக்கும்போது. இவை பட் அடித்த பந்தின் வேகத்தை எவ்வளவு விழுங்கும் என்று ஊகிக்கவே முடியாது. அதன்மேல் தாண்டிவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

புல் அருகியிருக்கும் கட்டாந்தரையில் பந்து ஒட்டிக் கிடந்தால் புதியவர்கள் கதிகலங்குவார்கள். அங்கே வெட்ஜுக்கு அரை விரல் பிழைகூடத் தாங்காது. சிப்பருக்கு அது நல்ல இடம். பந்து புல்லுக்குள் பாதி புதைந்து கிடந்தால் சிப்பரை மறந்துவிடுங்கள். நீண்ட புல் ஷாஃப்ட்டின் அடியைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். பட் அடிக்கும் வேகத்தால் அந்தப் பிடியை அறுக்க முடியாது.

பந்து விழ வேண்டிய இடம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சிப்பர் அடிக்கும்போது உங்கள் குறி கொடி அல்ல. பந்து முதலில் தரையைத் தொடும் இடம்தான் குறி. கொடியைப் பார்த்துக்கொண்டே அடிப்பவர்கள் அநேகமாக எப்போதும் அதைத் தாண்டித்தான் அனுப்புகிறார்கள், ஏனென்றால் கண் முழுத் தூரத்தையும் பறக்கவைக்கச் சொல்கிறது.

35, 36 டிகிரி சிப்பரில் சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனில் பந்து 1 பங்கு பறந்தால் ஏறக்குறைய 3 பங்கு உருளும். ஆக, மொத்தத் தூரத்தை நான்காக வகுத்தால் பறக்க வேண்டிய தூரம் கிடைத்துவிடும். பந்து கிரீனுக்கு 2 தப்படி வெளியே, விளிம்பிலிருந்து கொடி 14 தப்படி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16. நான்கில் ஒரு பங்கு 4. பந்து கிரீனுக்குள் 2 தப்படி தள்ளி விழுந்தால் மீதி 12 தப்படியை உருண்டு கடக்கும். அந்த இடத்தில் ஒரு காய்ந்த இலையோ நிறம் மாறிய புல் திட்டோ தென்படும். அதைக் கண்ணால் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சிப்பரை எடுக்கலாமா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும். விளிம்புத் தூரத்தோடு ஒரு தப்படி கூட்டி, நான்கால் பெருக்குங்கள். கொடி பந்திலிருந்து அதைவிடக் கிட்ட இருந்தால் சிப்பர் வேண்டாம். பந்து 3 தப்படி வெளியே, கொடி விளிம்பிலிருந்து 4 தப்படி உள்ளே என்றால், 3ம் 1ம் 4, நான்கால் பெருக்கினால் 16. கொடி இருப்பதோ 7 தப்படியில். இங்கே சிப்பரால் அடித்தால் ஒன்று பந்து கிரீனைச் சேராமல் புல்லிலேயே விழும், அல்லது கொடியைத் தாண்டி ஓடும். பிட்ச்சிங் வெட்ஜோ சாண்ட் வெட்ஜோ எடுக்க வேண்டிய இடம் அது. வெட்ஜ் பயமாக இருந்தால் ஐந்தாறு தப்படி தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்று சிப்பரையே அடியுங்கள். மண்ணை வெட்டுவதைவிட அது மேல்.

இந்த 1க்கு 3 என்பது தொடக்கத்துக்கான கணக்குதான். ஏற்றமாக இருந்தால் உருளல் குறையும், இறக்கத்தில் கூடும். காலைப் பனி படிந்த கிரீனில் பந்து சீக்கிரம் நின்றுவிடும், அதே கிரீன் மதியம் காய்ந்ததும் ஓடவிடும். ஆட்டத்துக்கு முன் பத்துப் பந்து அடித்து உங்கள் கிளப்பின் கணக்கை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். விழுந்த இடம்வரை எத்தனை தப்படி, அங்கிருந்து எத்தனை தப்படி, நடந்தே அளந்துவிடலாம்.

சரிவைப் படிப்பதும் விழும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பறக்கும்போது பந்துக்குச் சரிவு தெரியாது. அங்கே இறங்கிய பிறகு அது வெறும் பட். ஆகவே விழும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று, அங்கிருந்து குழிக்கு ஒரு பட் அடிப்பதாக நினைத்து வளைவைப் பாருங்கள். கொடிக்கு நேராக அல்லாமல், அந்த வளைவு தொடங்கும் திசையில் விழும் இடத்தைத் தள்ளிவையுங்கள்.

நிற்பதும் அடிப்பதும்

கால்களைச் சேர்த்து வையுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு கிளப் தலை அகலம் போதும். உடல் எடை கொஞ்சம் முன்காலில், அதாவது குழிப்பக்கக் காலில். பத்தில் ஆறு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அடித்து முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். பந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவில், அல்லது ஒரு பந்து அகலம் பின்னால். கண்கள் கிட்டத்தட்டப் பந்துக்கு நேர்மேலே. கைகள் பந்தைவிட ஒரு விரற்கடை முன்னால். இதைவிட முன்னால் தள்ளினால் முகச் சாய்வு குறைந்து, முன்விளிம்பு மறுபடி மண்வெட்டியாகிவிடும்.

பிடி, நீங்கள் பட் அடிக்கப் பிடிக்கும் அதே பிடி. நெருக்கிப் பிடிக்காதீர்கள். தோள்களும் கைகளும் சேர்ந்து ஒரு முக்கோணம். அந்த முக்கோணம் அப்படியே பின்னால் போய் முன்னால் வர வேண்டும். கிளப் தலை பந்தின் அடியில் இருக்கும் புல்லை உரசிக்கொண்டு போகட்டும். 'உஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் பந்து எழும்பிவிட்டது என்று பார்க்காமலே சொல்லலாம். பயிற்சி வீச்சின்போதும் அந்தச் சத்தத்தைத்தான் தேட வேண்டும். காற்றில் வெறுமனே ஆட்டிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

தூரத்தைக் கூட்டக் குறைக்க, வேகத்தை மாற்றாதீர்கள், வீச்சின் நீளத்தை மாற்றுங்கள். பின்காலின் பெருவிரல் வரை ஒரு வீச்சு, பாதத்தைத் தாண்டி ஒரு சாண் வரை ஒன்று, பின்முழங்கால் உயரம் வரை ஒன்று. இந்த மூன்றுக்கும் உங்கள் பந்து எவ்வளவு போகிறது என்று அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு போனதோ அந்த அளவாவது முன்னாலும் போக வேண்டும்.

பட் அடிப்பதுபோல் சிப் அடிப்பது சின்னப்பிள்ளை வேலை என்று யாராவது சொன்னால் அந்தக்கால அமெரிக்க ஆட்டக்காரர் பால் ரன்யனைப் பற்றிச் சொல்லுங்கள். சிறிய உடல், டீயிலிருந்து (குழியின் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) அதிக தூரம் அடிக்க முடியாதவர், கிரீனைச் சுற்றிய ஆட்டத்தில் மட்டும் எமன். 1938 பிஜிஏ சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், தன்னைவிட வெகுதூரம் அடிக்கக்கூடிய சாம் ஸ்னீடை 8 குழி முன்னிலையில், இன்னும் 7 குழி மீதமிருக்கும்போதே முடித்துவைத்தார். பின்னாளில் அவர் கற்றுக்கொடுத்ததும் மணிக்கட்டு அசையாத, பட் போன்ற சிப்தான்.

எங்கே தப்பு நடக்கிறது

அதிகம் பார்ப்பது இது: பின்னால் தாராளமாகக் கொண்டுபோய், பந்துக்குக் கிட்டே வந்ததும் பயந்து பிரேக் போடுவது. கை நிற்கும், கிளப் தலை நிற்காது, முந்திக்கொண்டு மேலே வரும். வெட்ஜில் செய்த அதே தவறு சிப்பரிலும் வந்துவிடும். மருந்து எளிது: பின்வீச்சைப் பாதியாக்குங்கள். வீச்சு சிறிதாக இருந்தால் பயந்து நிறுத்த வேண்டிய அவசியமே வராது.

இரண்டாவது, அடித்த உடனே தலையைத் தூக்குவது. தலை எழுந்தால் தோள் எழும், தோள் எழுந்தால் கிளப் பந்தின் மேற்பாதியைத் தட்டும். பந்து தரையில் இறங்கும் சத்தம் காதில் விழும்வரை பந்து இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பந்தை அளவுக்கு மீறிப் பின்காலில் வைப்பது இன்னொன்று. தாழ அடிக்கத்தானே சிப்பர், இன்னும் தாழட்டுமே என்று வைப்பார்கள். பந்து சீறிக்கொண்டு போகும், நாம் எண்ணிய கணக்கு எல்லாம் தப்பிவிடும்.

வேகம் குறைந்து கிளப் புல்லில் சிக்கும்போது பந்தில் இரண்டு முறை படுவதும் உண்டு. இதன் பேரால் நொந்தவர்களில் பெரியவர் தைவானின் சென் செ சுங். 1985 அமெரிக்க ஓப்பன், ஓக்லண்ட் ஹில்ஸ், கடைசி நாள். நான்கு அடி முன்னிலையில் இருந்தவர், 5ஆவது குழியில் கிரீன் ஓரப் புல்லிலிருந்து வெட்ஜால் அடித்தபோது கிளப் பந்தை இரண்டு முறை தொட்டுவிட்டது. அன்றைய விதிப்படி தண்டனை அடி. அந்தக் குழி 8இல் முடிந்தது. பட்டம் ஓர் அடியில் ஆண்டி நார்த்துக்குப் போனது. 2019 முதல் விதி மாறிவிட்டது: தற்செயலாக இரண்டு முறை பட்டால் தண்டனை இல்லை, ஒரே அடியாக எண்ணிவிட்டுப் போகலாம். நமக்கு நல்ல காலம்.

எடுக்கக் கூடாத இடங்கள்

நடுவில் பங்க்கரோ மேடோ இருந்தால் சிப்பர் உதவாது, அது தாழத்தான் பறக்கும். பங்க்கருக்குள்ளிருந்தும் வேண்டாம், விளிம்பே இல்லாத தட்டைப் பங்க்கர், மணல் கெட்டி, பந்து மேலே உட்கார்ந்திருக்கிறது என்ற அபூர்வமான சந்தர்ப்பத்தில் மட்டும் முயலலாம். கொடி பக்கத்தில், கிரீன் உங்களிடமிருந்து விலகிச் சரிகிறது என்றாலும் வேண்டாம். 1982 அமெரிக்க ஓப்பனில் பெபிள் பீச் 17ஆவது குழியில் டாம் வாட்சன் நீண்ட புல்லிலிருந்து நேரே குழிக்குள் இறக்கினாரே, அது சாண்ட் வெட்ஜ். அந்த இடத்தில் சிப்பரால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆகவே வெட்ஜ் பழகுவதை விட்டுவிடாதீர்கள். சிப்பர் வந்ததால் ஸ்கோர் நிதானமாகும்; அந்த நிம்மதியில் வெட்ஜைத் தனியாகப் பழகிக்கொள்ளலாம்.

எதிர்பாராத ஓர் உபயோகமும் உண்டு. பந்து மரக்கிளைக்கு அடியில் மாட்டிக்கொண்டால், தாழ அடித்து ஃபேர்வேக்கு (புல் வெட்டிய நடுப்பாதைக்கு) தள்ளிவிடச் சிப்பர் கச்சிதம். நீளம் குறைவு என்பதால் கிளை தட்டாது.

விதிகளில் கொஞ்சம்

ஃபிரிஞ்ச் கிரீன் அல்ல. அங்கே கிடக்கும் பந்தை அடையாளம் வைத்து எடுத்துத் துடைக்க முடியாது. பந்துக்கு முன்னால் ஃபிரிஞ்சில் சிதறிய மணலைத் தட்டிவிடவும் கூடாது. இலை, குச்சிகளை எடுக்கலாம், ஆனால் எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஓர் அடி தண்டனை, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று: உங்கள் பந்து வெளியே கிடந்தாலும், கிரீன்மேல் இருக்கும் பந்துத் தழும்புகளைச் சரிசெய்யலாம், மணலையும் நீக்கலாம். நீங்கள் குறித்துவைத்த விழும் இடத்தில் பள்ளம் இருந்தால் நடந்துபோய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள். நீர்த்தெளிப்பானின் மூடி, நீங்கள் நிற்கும் இடத்துக்கோ வீச்சுக்கோ இடையூறாக இருந்தால் பந்தை நகர்த்தும் சலுகை உண்டு. பந்து போகும் வழியில் மட்டும் இருந்தால், அந்த மைதானத்தின் உள்விதி அனுமதித்தால் ஒழிய கிடையாது. அங்கேதான் அதன்மேல் தாண்டவைக்கும் சிப்பருக்கு மரியாதை.

கொடிக்கம்பம் குழியிலேயே இருக்கட்டும். அது உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் நடுவில் நிமிர்த்திவிடலாம். பந்து கம்பத்தில் சாய்ந்து நின்று, அதன் ஒரு பகுதி கிரீன் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழிக்குள் விழுந்ததாகவே கணக்கு.

ஒன்று மறந்துவிடாதீர்கள்: பையில் 14 கிளப்தான் வைத்துக்கொள்ளலாம். பட்டரையும் சிப்பரையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. பதினைந்தாவது இருந்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் அப்படி ஆடிய ஒவ்வொரு குழிக்கும் 2 அடி, அதிகபட்சம் 4 அடி தண்டனை. செட் நிறைந்திருந்தால் பந்தை எழுப்பவே முடியாத அந்த நீண்ட அயர்னை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஒரு நாளும் அதைத் தேடவில்லை.

பழகும் விதம்

கைக்குட்டையை நான்காக மடித்து, கிரீனுக்குள் இரண்டு தப்படியில் போடுங்கள். பந்து அதன்மேல் விழ வேண்டும். எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்க்கவே கூடாது. முதல் வாரம் இது மட்டும். பத்தில் ஐந்து கைக்குட்டையில் விழத் தொடங்கியதும் பறக்கும் தூரம் உங்கள் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள். பிறகுதான் உருளலைக் கவனியுங்கள்.

மணிக்கட்டு இன்னும் ஆடினால், கிளப்பின் கிரிப்பில் ஒரு நீண்ட குச்சியைச் சேர்த்துப் பிடித்து, மறுமுனை குழிப்பக்க விலாவை ஒட்டி மேலே போகும்படி வைத்து அடித்துப் பாருங்கள். மணிக்கட்டு அள்ளும் ஒவ்வொரு முறையும் குச்சி விலாவில் குத்தும். நாலு குத்து வாங்கினால் ஐந்தாவது முறை கை தானே அடங்கும்.

கடைசியாக ஒரு விளையாட்டு, இதற்குச் சிப்பரும் பட்டரும் ஒரே ஒரு பந்தும் போதும். கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு சிப், பிறகு குழிக்குள் போகும்வரை பட். ஒவ்வொன்றுக்கும் பார் (எதிர்பார்க்கும் அடிகள்) 2, மொத்தம் 18. முதல் நாள் 27 எடுத்தால் கவலைப்படாதீர்கள், என்னுடைய முதல் நாள் எண்ணிக்கை 31. பந்தைக் கையால் நல்ல புல்லில் எடுத்துவைக்காமல் விழுந்த இடத்திலிருந்தே அடியுங்கள், இல்லையென்றால் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 23க்குள் வந்துவிட்டீர்களானால் அடுத்த முறை ஒன்பதில் மூன்றை வெட்ஜால் அடித்துப் பாருங்கள்.